ராஜிக்கு, அபுதாபியில இருந்து

அன்பு ராஜி,

உன் மெயில் பார்த்ததும் போன் பண்ணலாம்னுதான் நெனச்சேன், அப்ப ஹூஸ்டன்ல நடுராத்திரி, அதுவுமில்லாம இதெல்லாம் போன்ல சொன்னா நீ பாதியிலயே குக்கர் விசில் அடிக்குதுன்னு ஓடிடுவ, எழுத்துல இருந்தா அண்ணாவும் படிச்சுப்பாருல்ல, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். வெயில் ஆரம்பிச்சாச்சு, பிள்ளைங்களை ரீசெஸுக்கு வெளிய விடுறதையே நிறுத்திட்டாங்க, அதனால அந்த கத்தல் எல்லாம் என் கிளாஸ்ரூம்லயே. பெரியவ பத்தாவது, அவளுக்கு அம்மா ஒரு டீச்சர்ங்கறதே மறந்துபோச்சு, எல்லா சந்தேகமும் யூடியூப்கிட்டதான். அத்தைக்கு டயாலிசிஸ்னு நீ எழுதினதைப் படிச்சு மனசு கஷ்டமா இருந்துச்சு. நீங்க சென்னைக்குப் போறது சரியான முடிவுதான், அதுல யோசிக்கவே வேண்டாம்.

ஆனா "இனிமே டெக்ஸாஸ் டீச்சர் சர்டிஃபிகேட்டை வச்சு என்ன பண்ணப்போறேன், எக்ஸ்பயர் ஆனா ஆகட்டும்"னு ஒரு வரி போட்டிருந்த பாரு, அதுக்குத்தான் இந்த நீள கடிதம். அண்ணா வேலையை வச்சு வந்த எச்4 விசாவில வீட்ல உக்காந்து, வேலை பாக்கிறதுக்கான இ.ஏ.டி. பர்மிட் வந்த அன்னைக்கே ஓடிப்போய், வேற டிகிரி படிச்சவங்க டீச்சராகிற அல்டர்நேட்டிவ் சர்டிஃபிகேஷன்ல சேர்ந்து, கைக்குழந்தையை மடியில வச்சுக்கிட்டு எக்ஸாமுக்குப் படிச்சியே, அதை ஆகட்டும்னு விடுறதா? அதோட சென்னையில அமெரிக்கன் சிலபஸ் ஸ்கூல்ல பேசிட்டு இருக்கேன்னு நீயே எழுதியிருக்க, அவங்க உன்னைக் கூப்பிடுறதே அந்தப் பேப்பருக்காகத்தான். இந்த மாதிரி ஸ்கூல் நிறைய இடத்துல "சொந்த ஊர்ல செல்லுபடியாகிற டீச்சிங் லைசென்ஸ்"னு ஒரு வரி கண்டிப்பா இருக்கும், டெக்ஸாஸ் சர்டிஃபிகேட்டை யார் வேணாலும் ஆன்லைன்ல பேரைப் போட்டுப் பார்த்துடலாம், இன்ஆக்டிவ்னு இருந்தா முதல் பார்வையிலயே தெரிஞ்சுடும்.

முதல்ல அவசரமானதைச் சொல்றேன். நீ இன்னும் ஸ்கூல்ல ராஜினாமா கொடுக்கலைல்ல? அடுத்த வருஷ கான்ட்ராக்ட்ல கையெழுத்து போட்டாச்சுன்னா, ஸ்கூல் திறக்கிற முதல் நாளுக்கு 45 நாள் முன்னாடிக்குள்ள ராஜினாமா போயிருக்கணும், உங்க ஏரியா ஸ்கூலை நடத்துற டிஸ்ட்ரிக்ட் ஆகஸ்ட் பாதியில திறக்கும்னா ஜூன் கடைசி வாக்குல வரும், சரியான தேதியை ஹெச்.ஆர்.கிட்ட எழுத்துல கேட்டு வாங்கு. அதைத் தாண்டிட்டு ஜூலைல டிக்கெட் போட்டுக் கிளம்பினா டிஸ்ட்ரிக்ட் புகார் கொடுக்கலாம், "கான்ட்ராக்ட் அபாண்டன்மென்ட்", அதாவது ஒப்பந்தத்தைப் பாதியில விட்டுட்டுப் போனதுன்னு சொல்வாங்க, ஸ்கூல் திறக்க 30 நாளுக்கும் குறைவா இருக்கும்போது போனா சர்டிஃபிகேட்டை ஒரு வருஷம் வரைக்கும் சஸ்பெண்ட் பண்ணிடலாம், அது ரெக்கார்டுலயும் நிக்கும். வீட்ல நெருங்கினவங்களுக்கு சீரியஸான உடம்பு சரியில்லாம போறது நியாயமான காரணம்னு ரூல்லயே இருக்கு, அதனால அத்தையோட டாக்டர் லெட்டரை இப்பவே வாங்கி வை. ஆனா அந்த சண்டைக்கே போக வேண்டாம், தேதிக்குள்ள கொடுத்துட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. வெளிநாடு போறவங்க எல்லாம் ரினியூவலுக்கு வேண்டிய 150 மணி நேர டிரெய்னிங்கை நெனச்சுதான் பயப்படுறாங்க, எனக்குத் தெரிஞ்சு அதிகமா மாட்டுறது கிளம்புற விதத்துலதான்.

அந்த 150க்கு வரேன். அஞ்சு வருஷத்துக்கு 150 சி.பி.இ. மணி நேரம், அதாவது வேலையில இருந்துக்கிட்டே எடுக்கிற டிரெய்னிங், உனக்கே தெரியும், ஆனா அங்க இருக்கும்போது டிஸ்ட்ரிக்ட்டே ஆகஸ்ட்ல உக்கார வச்சு ஒரு வாரம் உயிரை எடுத்து கணக்கைக் கொடுத்துடும், வெளிய வந்தா நாமளே பாத்துக்கணும். யூனிவர்சிட்டி கோர்ஸ்னா ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேரம், அப்ப மூணு கிரெடிட் கோர்ஸ் ஒண்ணு எடுத்தாலே 45 முடிஞ்சுது. புக்கு படிச்சேன், வீடியோ பார்த்தேன்னு நாமளா படிக்கிறதை மொத்தத்துல 20 சதவீதத்துக்கு மேல காட்ட முடியாது, அதாவது 30 மணி நேரம். புது டீச்சருக்கு மென்டரா இருந்தா 30 சதவீதம் வரைக்கும் போகும், இதை நிறைய பேர் விட்டுடுறாங்க, சென்னையில உனக்கு இது ஈசியா கிடைக்கும், உன்கிட்ட கத்துக்க ஆள் வரும் பாரு.

புது ஸ்கூல்ல நடக்கிற டீச்சர் டிரெய்னிங்கை மட்டும் நம்பி இருக்காத. ஒரு பாதியாவது டெக்ஸாஸ்ல கேள்வி கேக்காத இடத்துல இருந்து வரட்டும், ஹூஸ்டன் பக்க ஸ்கூல்களுக்கு டிரெய்னிங் கொடுக்கிற நம்ம ரீஜன் 4 சென்டரோட ஆன்லைன் கோர்ஸே போதும். ஆனா லைவ் வெபினாரா பார்த்து சேராத, ஹூஸ்டன்ல சாயங்காலம் நாலு மணின்னா கோடைல உனக்கு விடியக்காலை ரெண்டரை, நான் அந்த நேரத்துல கேமராவை ஆஃப் பண்ணிட்டு தலையாட்டினவ. நம்ம நேரத்துக்கு முடிக்கிற மாதிரி கோர்ஸா பாத்து எடு.

மணி நேரம் எப்படியோ சேர்ந்துடும், அதுக்கு சாட்சி சேர்றதுதான் கஷ்டம். டெக்ஸாஸ் கல்வித்துறை டி.இ.ஏ.வுக்கு எதையும் அனுப்ப வேண்டாம், ரினியூ பண்ணும்போது முடிச்சுட்டேன்னு நாமளே உறுதி சொல்றோம், ஆனா ஆடிட் வந்தா காட்டணும்ல. என்கூட வேலை பார்த்த ஒருத்தி முன்னாடி வேற ஊர்ல ஒரு ஸ்கூல்ல நாலு வருஷம் இருந்தா, அந்த ஸ்கூல் கை மாறிடுச்சு, பழைய ஆபீஸ் ஆள் ஒருத்தர் கூட இல்ல, மெயில் போட்டா திரும்பி வருது, அவ்வளவு டிரெய்னிங்கும் போச்சு, இங்க வந்து சனிக்கிழமை சனிக்கிழமையா கோர்ஸ் பண்ணி அழுதா. நான் என்ன பண்றேன்னா ஒரு பக்கத்துல என் பேரு, டிரெய்னிங் பேரு, யார் நடத்தினது, தேதி, எத்தனை மணி நேரம், கீழ ஒரு கையெழுத்து கோடு, இதைப் பிரின்ட் எடுத்து டிராயர்ல ஒரு கட்டு வச்சிருக்கேன். புதன்கிழமை மீட்டிங் முடிஞ்சதும் எல்லாரும் காபிக்குப் போவாங்க, நான் கோஆர்டினேட்டர்கிட்ட போய் நிப்பேன், அயர்லாந்துக்காரி அவ, "மறுபடியும் உன் டெக்ஸாஸ் பேப்பரா"ன்னு சிரிச்சுக்கிட்டே போட்டுடுவா, அங்கயே போன்ல ஸ்கேன் பண்ணி டிரைவ்ல ஏத்திட்டுதான் காபி.

அப்புறம் ரினியூ பண்றதுக்கு லாகின் பண்ற உன் டீல் (TEAL) அக்கவுண்ட்ல மெயில் ஐடி எது? டிஸ்ட்ரிக்ட் ஐடின்னா இன்னைக்கே ஜிமெயிலுக்கு மாத்து, வேலையை விட்டதும் அதை மூடிடுவாங்க, பாஸ்வேர்ட் மறந்தா தொலைஞ்ச. உன் பொறந்தநாள் அக்டோபர்தானே, அப்ப எக்ஸ்பயர் ஆகிற வருஷம் அக்டோபர் கடைசி தேதிதான் கெடு, ஆறு மாசம் முன்னாடியே ரினியூ பண்ண விடும், 22 டாலர்தான் ஃபீஸ். ஒருவேளை விட்டுப்போனாலும் ஒரேடியா செத்துடாது, இன்ஆக்டிவ்னு காட்டும், மணி நேரத்தை முடிச்சு லேட் ஃபீஸோட கட்டினா திரும்ப உயிர் வந்துடும், எக்ஸாம் மறுபடி எழுத வேண்டாம். நியூ ஜெர்சி டீச்சருங்களைப் பார்த்தாதான் வயிறு எரியுது, அங்க ஸ்டாண்டர்ட் சர்டிஃபிகேட் கிடைச்சா வாழ்நாள் முழுக்க, ரினியூவலே கிடையாது. கலிஃபோர்னியாவும் பரவாயில்ல, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ரினியூ பண்ணணும், ஆனா மணி நேரக் கணக்கு இல்ல, பணத்தைக் கட்டினா போதும். நமக்கு வாய்ச்சது டெக்ஸாஸ்.

கிளம்புறதுக்கு முன்னாடி டிஸ்ட்ரிக்ட்ல இருந்து எத்தனை வருஷம் வேலை பார்த்தேன்னு காட்டுற சர்வீஸ் ரெக்கார்ட் கையெழுத்தோட வாங்கிடு, சென்னை ஸ்கூல்லயும் ஒவ்வொரு வருஷ முடிவுலயும் அதே மாதிரி வாங்கு, என்னைக்காவது திரும்பிப்போனா சம்பளத்துல வருஷத்தைக் கணக்குப் பண்ண அதைத்தான் கேப்பாங்க. டிகிரிக்கு நோட்டரி போட்டு ஆஸ்டின்ல அப்போஸ்டில் வாங்கிடு, அது வெளிநாட்டுல பேப்பர் செல்லுபடியாகிறதுக்கான அரசு முத்திரை, அதை ஏத்துக்கிற சர்வதேச ஒப்பந்தத்துல இந்தியா இருக்கிறதால உனக்கு அதோட முடிஞ்சுது. எமிரேட்ஸ் அதுல இல்ல, அதனால நான் ஆஸ்டின், அப்புறம் வாஷிங்டன், அப்புறம் அவங்க எம்பசி, கடைசியா இங்க வெளியுறவு அமைச்சகம்னு என் டிகிரியை ஊர் ஊரா அனுப்பினேன், நான் பாக்காத ஊரெல்லாம் அது பாத்துடுச்சு. சர்டிஃபிகேட்டையும் ஒரிஜினலா கொடுன்னு ஹெச்.ஆர். கேட்டாங்க, டெக்ஸாஸ் இப்ப பேப்பர்லயே தர்றது இல்ல, வெப்சைட்ல பாத்துக்கோங்கன்னு புரிய வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

டெக்ஸாஸ் டீச்சர் பென்ஷன் ஃபண்டு டி.ஆர்.எஸ்.ல இருக்கிற பணத்தை எடுக்கலாமான்னு அண்ணா கேட்டாருன்னு எழுதியிருந்த. உனக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சுல்ல, பென்ஷன் உரிமை வந்தாச்சு, எடுத்தா அது போயிடும், அதனால தொடாதன்னுதான் நான் சொல்லுவேன். அண்ணாவுக்கு வேற கணக்கு இருந்தா நேரா டி.ஆர்.எஸ்.க்கே போன் பண்ணிக் கேக்கச் சொல்லு.

ராஜினாமா லெட்டர் டிராஃப்ட் எழுதினா அனுப்பு, நான் பாத்துத் தரேன், நீ எழுதினா "ஐ ஆம் வெரி சாரி"ன்னு நாலு பக்கம் வரும். ஜூலைல நாங்க திருநெல்வேலி வர்றோம், போறப்ப சென்னையில ரெண்டு நாள் தங்குவோம், நீங்க அதுக்குள்ள வந்துடுவீங்களா, வீடு எந்தப் பக்கம் பாக்குறீங்க? அத்தைக்கு டயாலிசிஸ் சென்டர் பக்கத்துல பாத்தாதான் நல்லது, ஸ்கூல் தூரமா இருந்தாலும் நீ வேன்ல போயிக்கலாம்.

அன்புடன்,
சுமதி