பூங்காவில் உலோகம் தேட எழுத்தில் விதி வேண்டும்

ஆசிரியருக்கு,

பணி ஓய்வுக்குப் பிறகு, உலோகம் கண்டறியும் கருவியோடு பொதுப் பூங்காக்களில் நடப்பவன் நான். இதற்கு விதி இருக்கட்டும். அதை நுழைவாயிலிலேயே எழுதி வைக்கட்டும். இப்போது ஒரு காவலர் ‘சரி, தேடுங்கள்’ என்கிறார், அடுத்த வாரம் இன்னொருவர் விரட்டுகிறார்.

கருவியை ஆட்டுவதால் புல்லுக்கு ஒன்றும் ஆகாது. தோண்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. காசு அளவுப் பொருளைச் சாதாரணக் கருவிகள் ஏறக்குறைய ஒரு சாண் ஆழம் வரைதான் காட்டும். அதற்கு மண்வெட்டி எதற்கு? கைக்கரண்டி போதும். புல்லை மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காவது பக்கத்தை வேரோடு விட்டு மூடிபோலத் திறக்க வேண்டும். எடுத்த மண்ணைத் துணியில் கொட்டி, பிறகு அதே குழியில் போட்டு மிதித்துவிட்டால் பள்ளம் இருக்காது. மண் காய்ந்து கிடக்கும் மாதங்களில் இப்படிச் செய்தாலும் புல் கருகும். அப்போது தடை போட்டால் நியாயம்தான். மரத்தடிக்கும் தண்ணீர்க் குழாய் போகும் பாதைக்கும் எப்போதுமே தடை வேண்டும்.

கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் சோடா மூடி, துருப்பிடித்த ஆணி. குழந்தைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடம். அவற்றை அங்கேயே விட்டுவரக் கூடாது என்பதையும் விதியில் சேர்க்க வேண்டும்.

பழம்பொருள் கிடைத்தால்? இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதையலை 14 நாட்களுக்குள் தெரிவித்தாக வேண்டும். எந்தப் பூங்கா நிர்வாகமும் அனுமதிச் சீட்டின் பின்புறத்திலேயே யாரிடம், எத்தனை நாளில் ஒப்படைக்க வேண்டும் என்று அச்சிட்டுத் தரலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்