கேரம் பலகையை வெல்ல விட்ட பெரியவர்களுக்கு நன்றி

வில்லியனூர் பகுதி நண்பர்களுக்கும் எங்கள் மாலை நேரப் படிப்பகப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் வணக்கம்.

படிப்பகத்தில் பிள்ளைகள் நடத்திய தேர்தல் நல்லபடியாக முடிந்தது. துணை நின்றவர்களுக்கு நேரில் நன்றி சொன்னால், "இதற்கெல்லாமா?" என்று கையசைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதனால்தான் ஊரறிய இந்த மடல்.

1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தலைக் கண்டது நம் புதுச்சேரி. வார்டு உறுப்பினர் என்றால் யார், பல கிராமங்களைச் சேர்த்து நிர்வகிக்கும் கொம்யூன் பஞ்சாயத்தில் அவருக்கு என்ன வேலை என்று பிள்ளைகள் கேட்டபோது, புத்தகத்தைப் பார்த்து விளக்குவதைவிட ஒரு தேர்தலையே நடத்திவிடலாம் என்று தோன்றியது.

முதல் நன்றி ஹார்டுவேர் கடை அண்ணனுக்கு. படிப்பகத்துக்கென்று பணம் கொடுத்தவர், "என்ன வாங்குவது என்று பிள்ளைகளே வாக்களித்து முடிவு செய்யட்டும்" என்றார். பெரியவர்கள் ஒப்புக்கு நடத்தும் தேர்தலைப் பிள்ளைகள் நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே பணமும் நிஜம், முடிவும் நிஜம். கதைப் புத்தகம், கேரம் பலகை, மின்விசிறி என்று மூன்று அணிகள் திரண்டுவிட்டன. அண்ணனின் விருப்பம் புத்தகம்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாக்குப்பதிவு முடியும்வரை அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. கேரம் வென்றதும் அன்று மாலையே பலகையோடு வந்து நின்றார். எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடைத்திருக்காது.

பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு என்ன சொல்லி நன்றி தெரிவிப்பது! காலிப் பெட்டியைக் கவிழ்த்து எல்லா அணியினருக்கும் காட்டிய பிறகுதான் அரக்கு முத்திரை வைக்க விட்டார். வாக்களிக்க வருபவரின் பெயரை ஏன் உரக்கப் படிக்க வேண்டும் என்று ஒரு பையன் கேட்டான். "வந்திருப்பது வேறு ஆள் என்றால் அணிகளின் முகவர்கள் எழுந்து மறுக்க வேண்டாமா?" என்றார். வாக்குச்சீட்டை முதலில் நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும் மடிக்கக் கற்றுக்கொடுத்தார். வாக்குச்சீட்டில் குத்தும் முத்திரையின் கைகள் ஒரே பக்கமாக வளைந்திருப்பதையும் காட்டினார். மடிப்பில் மை எதிர்ப்பக்கம் ஒட்டினால் அங்கே வளைவு திரும்பி விழும். எது குத்தியது, எது ஒட்டியது என்று எண்ணும்போது பிரித்துவிடலாம். பிள்ளைகள் ஆளுக்கொரு தாளில் குத்தி மடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தன் மகன் எதில் குத்துகிறான் என்று தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்த தாயை, வாசலில் காவலுக்கு நின்ற ஆறாம் வகுப்புச் சிறுமி, "அத்தை, பார்க்கக் கூடாது" என்று தடுத்துவிட்டாள். கோபப்படாமல் சிரித்துக்கொண்டே விலகிய அந்தத் தாய்க்கும் என் நன்றி.

வாக்குச்சீட்டுகளைக் காசு வாங்காமல் அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும், பெட்டி செய்து கொடுத்த தச்சருக்கும், சுண்டலும் மோரும் கொண்டுவந்த சுயஉதவிக் குழு அக்காக்களுக்கும் நன்றி.

தேர்தலுக்கு முன்பு பிள்ளைகளைக் கீழூர் நினைவுத்தூணுக்கு அழைத்துச் சென்ற பெரியவரை மறக்கவே முடியாது. 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி வாக்களித்ததையும், 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றதையும், 8 பேர் எதிர்த்ததையும், நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியதையும் அந்த இடத்திலேயே நின்று சொன்னார். நாம் ஏன் இந்தியர்கள் என்ற கேள்விக்கு வாக்கெடுப்பில் விடை கண்ட மண் இது. எவ்வளவோ முறை அந்த வழியாகப் பஸ்ஸில் போயிருந்தும் பல பெற்றோர் அங்கே இறங்கிப் பார்த்ததில்லை என்பது எனக்கு வருத்தம்தான். "தோற்றுப்போன எட்டுப் பேரை ஏன் தாத்தா இன்னும் சொல்கிறார்கள்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "வேண்டாம் என்றவர்களையும் எண்ணி எழுதி வைத்தார்கள், அம்மா. அப்போதுதான் அது வாக்கெடுப்பு" என்றார் அவர்.

எங்கள் மூத்த மாணவர்களிடம் பேச வந்த வாக்குச்சாவடி நிலை அலுவலருக்கும் நன்றி. 17 வயது நிறைந்தவர்கள், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6ஐ முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம் என்பது பிள்ளைகளில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

இப்போது கேரம் பலகையைச் சுற்றி எந்நேரமும் கூட்டம். தோற்ற புத்தக அணியினர், ஆறு மணிக்கு மேல் சத்தமில்லாமல் வாசிக்க நேரம் ஒதுக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கி மனு கொடுத்திருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை மாலை இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசப் போகிறோம். பெற்றோரும் அவசியம் வாருங்கள்.

அன்புடன்,
படிப்பகப் பொறுப்பாளர்