போர் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. கூடவே வந்தது "200 அடிக்கு போர் போட்டுடும்மா" என்ற ஒரே வரிதான். வேலை அதிகமாக இருக்கும். மருமகளும் பாப்பாவும் சுகந்தானே?

போர் வேண்டாம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கடலை ஒட்டிய மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துதான் நிற்கிறது. உப்புத் தண்ணீர் கனம், அதனால் அது கீழே. கடல்மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். நாம் இறைத்து அந்த 1 அடியைக் குறைத்தால் கீழே உப்பு 40 அடி மேலேறும். 200 அடிக்குத் துளை போட்டுப் பெரிய மோட்டாரை மாட்டினால் முதல் வருஷம் இளநீர் மாதிரித்தான் வரும். அப்புறம் கரிக்கும். நமக்கு மட்டுமா, அடுத்த வீட்டுக் கிணறும் சேர்ந்து கெடும். ஒருமுறை உப்பு ஏறிவிட்டால் இறங்க எத்தனை மழைக்காலம் ஆகுமோ. மாமா வீட்டில் பார்த்தாய்தானே.

அந்தப் பணத்தில் கால் பங்கு கூட ஆகாது, மாடியில் விழும் மழைத் தண்ணீரைக் கிணற்றுக்குள் விட. 2003-ல் மழைநீர் சேகரிப்பை எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கினபோது போட்ட குழியைச் சொல்லவில்லை. அது வண்டல் அடைத்துக் கல்லாகிவிட்டது. வடிகட்டித் தொட்டியே இல்லாமல் குழியை மட்டும் வெட்டினால் அப்படித்தான் ஆகும்.

தொட்டி 3 அடிக்கு 3 அடி, ஆழம் மூன்றரை. அடியில் ஒன்றரை அங்குல ஜல்லி 1 அடி, அதன்மேல் முக்கால் அங்குல ஜல்லி 9 அங்குலம், அதன்மேல் நைலான் வலை, வலைக்குமேல் ஆற்று மணல் 1 அடி. மிச்சம் தண்ணீர் நிற்க. கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மலிவு என்று கொத்தனார் சொல்வார், கேட்கக்கூடாது. அதிலுள்ள தூள் ஒரே மழையில் கட்டிக்கொள்ளும். வலையை விட்டுவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கி அப்படியே கிணற்றுக்குப் போகும். மணல் மேலே இருப்பதால்தான் வருஷா வருஷம் புரட்டாசியில் மேலே 2 அங்குலத்தைச் சுரண்டி எடுத்து அலசிப் போட முடிகிறது. தொட்டியின் அடியிலிருந்து 4 அங்குலக் குழாய் கிணற்றுக்கு. அதன் நுனி தண்ணீருக்குள் முழுகியிருக்க வேண்டும். உயரத்திலிருந்து கொட்டினால் அடிவண்டல் கலங்கும், கிணற்று உறைகளுக்கு நடுவே மண் கரையும். வரத்துக் குழாய்க்குச் சற்றுக் கீழே ஒரு உபரிக் குழாயும் வேண்டும், இல்லாவிட்டால் அடைமழையில் தொட்டி வழிந்து சுவரோரம் தேங்கும். கழிவறைத் தொட்டியிலிருந்து 50 அடி தள்ளி இருக்கட்டும்.

முதல் மழையை உள்ளே விடக்கூடாது. காக்கை எச்சமும் வேப்பஞ்சருகும் புழுதியும் அதில்தான் வரும். கடையில் ஒரு ‘T’ வடிவ இணைப்பும் மூடியும் போட்டு நீட்டுக் குழாய் விட்டால் போதும் என்பார்கள். 4 அங்குலக் குழாயில் மீட்டருக்கு 8 லிட்டர்தான் நிற்கும், நமக்கு வெளியே போக வேண்டியது குறைந்தது 100 லிட்டர். அதனால் ஒரு டிரம்தான் சரி. நம் மாடி 1,000 சதுர அடி. செய்தியில் "கடலூரில் 8 செ.மீ." என்றால் 7,400 லிட்டர் விழுகிறது. சேதாரம் போக 6,000 என்று வைத்துக்கொள். அத்தனையும் கிணற்றிலேயே நிற்காது, மணலுக்குள் பரவிவிடும். பரவட்டும், உப்பைக் கீழே அழுத்துவது அதுதான்.

இதெல்லாம் உனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. பத்தாவது படிக்கும்போதே தெருவில் பாதி மோட்டாரைக் கழற்றிப் பூட்டியவன் நீ. இப்போது நம் மாவட்டத்து வீராணம் ஏரித் தண்ணீர் சென்னையில் உன் குழாய் வரைக்கும் வருகிறது, நீதான் வருவதில்லை.

கிணற்றில் மோட்டார் அரை எச்.பி. போதும். 20 நிமிஷம் ஓட்டி, ஊற்று ஏறவிட்டு, மறுபடி ஓட்டவேண்டும். அமாவாசைக்கு அமாவாசை, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்து நோட்டில் எழுதுகிறேன். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை ஒப்பலாம் என்பது குடிநீர்க் கணக்கு. நமது இன்னும் 900-த்தில்தான் நிற்கிறது. போர் போடுகிற தண்ணீரா இது?

வெள்ளம் ஏறினால் மட்டும் பிளீச்சிங் பவுடர், 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல்தெளிவை மட்டும் ஊற்றவேண்டும். கைக்கு வந்ததைக் கொட்டினால் முண்டக்கண்ணி செத்து மிதக்கும். உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த அந்தப் பொடி மீன்தான் நம் கிணற்றுக் கொசுப்புழுவை ஒழிக்கிறது. அசையாமல் மேலாகவே நிற்கும், புழு நெளிந்ததும் ஒரே சொடுக்கு. கொசுவுக்கென்று கொடுக்கிற கம்பூசியா மீனை விடாதே. அது தலைப்பிரட்டையையும் சேர்த்துத் தின்னும். உறை இடுக்கில் ஆலங்கன்று முளைத்தால் விரலளவில் இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும், வேர் தடித்தால் உறை விரிந்துவிடும். வாசல் முழுக்க டைல்ஸ் என்று மருமகள் சொன்னாளாம். வேண்டாம், அந்த மண் வழியாகவும்தான் தண்ணீர் இறங்குகிறது.

போன வாரம் ஒருவர் வந்தார். வீட்டைச் சுற்றி அடியளந்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், "போர் இருந்தா இன்னும் நல்ல விலை போகும்" என்றார். யார் அனுப்பியது என்று நான் கேட்கவில்லை. காபி கொடுத்து அனுப்பினேன். அக்காவிடம் பத்திரத்தின் நகல் கேட்டாயாம். என்னிடமே கேட்டிருக்கலாம், தம்பி. பீரோவின் மேல்தட்டில், உன் மார்க் ஷீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. விற்கிறதென்றால் விற்கிறது. அதை நீ வாயால் சொல்லவேண்டும், போர் போடச் சொல்லி அல்ல.

ஜல்லி வியாழக்கிழமை வருகிறது. ஐப்பசி மழைக்கு முன் மணல் போட்டாகவேண்டும். போர் வண்டிக்காரரிடம் நீதான் முன்பணம் கொடுத்தாயாமே, நீயே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடு. நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார்.

அன்புடன்,
அம்மா