ஆண்டறிக்கை: 1959ஆம் ஆண்டின் நான்கு இசைத்தட்டுகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு நாட்டு இசை என்று தாவிக்கொண்டிருந்தால் எதுவும் மனத்தில் தங்குவதில்லை என்று சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் குறைபட்டுக்கொண்டார். அதை ஏற்று, இவ்வாண்டின் கேட்பு அமர்வுகள் முழுவதையும் 1959இல் அமெரிக்காவில் பதிவான நான்கு ஜாஸ் ஆல்பங்களுக்கே ஒதுக்கினோம். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, டேவ் ப்ரூபெக் நால்வர் குழுவின் ‘டைம் அவுட்’, சார்லஸ் மிங்கஸின் ‘மிங்கஸ் ஆ அம்’, ஆர்னெட் கோல்மனின் ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’ ஆகியவையே அவை. முதல் மூன்றும் கொலம்பியா நிறுவனத்துக்காக நியூயார்க்கின் 30ஆம் தெருவில், முன்பு தேவாலயமாக இருந்த ஒரே கூடத்தில் பதிவானவை. நான்காவது மட்டும் ஹாலிவுட்டில் அட்லாண்டிக் நிறுவனத்துக்காகப் பதிவானது.

ஆண்டின் பெரும்பகுதியை முதல் ஆல்பமே எடுத்துக்கொண்டது. அதற்காக நான் வருந்தவில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடமே கிடைத்தது. 1948இல் கொலம்பியா அறிமுகப்படுத்திய எல்.பி. என்னும் நீள்நேரத் தட்டு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கொடுத்ததால், ஒரு கலைஞர் நிதானமாக உட்கார்ந்து யோசித்து வாசிப்பதையும் பதிவு செய்ய முடிந்தது. அந்த நிதானத்தை இசையின் அமைப்பிலேயே கொண்டுவந்தவர் டேவிஸ். அதற்கு முந்தைய பீபாப் என்னும் ஜாஸ் பாணியில் கார்டுகள், அதாவது ஒருங்கே ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள், கணத்துக்குக் கணம் மாறும். அவற்றைத் துரத்திப் பிடிப்பதே வித்வத்தாகக் கருதப்பட்டது. ‘சோ வாட்’ உருப்படியிலோ பதினாறு அளவுகளுக்கு ஒரே ஸ்வர வரிசை, அடுத்த எட்டுக்கு அதே வரிசை அரை ஸ்வரம் மேலே, பிறகு எட்டுக்கு மீண்டும் பழைய இடம், அவ்வளவுதான். அந்த வரிசை நம் கரகரப்பிரியாவின் ஸ்வரங்களே என்பதை வாய்ப்பாட்டு பயிலும் உறுப்பினர்கள் உடனே கண்டுகொண்டனர். ஆயினும் கமகமும் பிடிகளும் இல்லாத இடத்தில் ராகம் இருப்பதாகச் சொல்லலாமா என்று எழுந்த விவாதம் இரண்டு அமர்வுகளுக்கு நீடித்து, முடிவு காணாமலே நின்றது.

இந்த ஆல்பத்தில் சாக்ஸபோன் வாசித்த ஜான் கோல்ட்ரேன், அதன் இரண்டாம் நாள் பதிவு ஏப்ரல் 22இல் முடிந்த இரண்டு வாரத்துக்குள், மே மாதத் தொடக்கத்தில், கார்டுகள் மூச்சுவிடாமல் மாறும் ‘ஜெயன்ட் ஸ்டெப்ஸ்’ உருப்படியைப் பதிவு செய்தார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பழைய வழியை அதன் எல்லைவரை ஓட்டிப் பார்த்ததும் புதிய வழியில் நடந்ததும் ஒரே மனிதர், ஒரே வசந்த காலத்தில்.

முதல் அமர்வில் நேர்ந்த ஒரு சிறு குழப்பத்தையும் பதிவு செய்கிறேன். நாம் இரவல் வாங்கிய பழைய தட்டின் முதல் பக்கம் சுருதிப் பெட்டியோடு சேரவில்லை. சுழல்மேடையின் பட்டை தேய்ந்துவிட்டது என்று பழுதுபார்க்க ஏற்பாடு செய்த பிறகே உண்மை தெரிந்தது. 1959 மார்ச் 2ஆம் நாள் பதிவின்போது ஒலிநாடாக் கருவி சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் அந்தப் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் தட்டில் சற்றே மேல் சுருதியில் ஒலித்தன. 1992ஆம் ஆண்டு மறுவெளியீட்டில்தான் அது திருத்தப்பட்டது. குற்றமற்ற நம் கருவிக்கு ஆன பழுதுபார்ப்புச் செலவைப் பொருளாளர் தம் அறிக்கையில் காட்டியுள்ளார்.

இசையை மட்டும் பேசுவோம், அரசியல் வேண்டாம் என்று உறுப்பினர் சிலர் எனக்கு எழுதியிருந்தனர். அவர்கள் கருத்தை மதிக்கிறேன்; ஆனால் இந்த ஆல்பங்களைப் பொறுத்தவரை அது இயலாது என்பதே என் முடிவு. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆகஸ்ட் 17ஆம் தேதி வெளிவந்தது. அடுத்த வாரமே, நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் ஜாஸ் அரங்கில் தம் கச்சேரியின் இடைவேளையில் வாசலில் நின்ற டேவிஸை அங்கிருந்து நகரச் சொன்ன காவலர்கள், அவர் மறுத்தபோது தலையில் இரத்தம் வழிய அடித்துக் கைது செய்தனர். அத்தனை அமைதியான இசை எத்தகைய தெருவை ஒட்டிப் பிறந்தது என்பதை அறிந்து கேட்பது வேறு, அறியாமல் கேட்பது வேறு.

மிங்கஸ் அந்தத் தெருவையே உள்ளே அழைத்துவந்தவர். 1957இல் லிட்டில் ராக் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழையாதபடி தேசியக் காவல் படையை நிறுத்திய அர்க்கன்சாஸ் ஆளுநர் ஆர்வல் ஃபாபஸைக் கேலி செய்யும் ‘ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்’ அவரது ‘மிங்கஸ் ஆ அம்’ ஆல்பத்தில் சொற்களின்றி வெளிவந்தது. கொலம்பியா சொற்களை அனுமதிக்கவில்லை என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது. 1960இல் கேண்டிட் நிறுவனத்துக்காக அதைச் சொற்களோடு பதிவு செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபோது, சொல்லில்லாத வடிவில் டிராம்போன் நடக்கும் கோணல் நடையே போதிய வசையாக எனக்குப் பட்டது.

‘டைம் அவுட்’ நம் கூட்டத்தில் அதிகம் தாளம் போடவைத்த தட்டு. 1958இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பிய நீண்ட பயணத்தில், இஸ்தான்புல் தெருக் கலைஞர்களிடம் கேட்ட 2+2+2+3 என்ற ஒன்பது எண்ணிக்கையை ‘ப்ளூ ரோண்டோ’வாக்கினார் ப்ரூபெக். அதே பயணத்தில் மதராஸுக்கும் வந்த இக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ, பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு சேர்ந்து வாசித்தார். குழுவின் சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட் இயற்றிய ‘டேக் ஃபைவ்’ மொரெல்லோவின் தனி வாசிப்பை மனத்தில் வைத்து அமைந்ததே என்றாலும், அதன் ஐந்து எண்ணிக்கையை மதராஸிலிருந்து வந்ததாகச் சொந்தம் கொண்டாட எனக்குத் துணிவில்லை. நம் கண்டசாபு தாளம் 2+3 என்று செல்ல, இது 3+2 என்று செல்கிறது. நம்மவர் பலர் தட்டிய தாளம் பாட்டோடு முட்டியதற்குக் காரணம் அதுவே. உலகெங்கும் நாட்டின் நற்பெயருக்காக அனுப்பப்பட்ட இக்குழுவை, பேஸ் வாசித்த யூஜின் ரைட் கறுப்பினத்தவர் என்பதற்காகத் தென் மாநிலக் கல்லூரிகள் பல ஏற்க மறுத்தன. 1960இல் ப்ரூபெக் ஆளை மாற்றாமல் கச்சேரிகளையே இழந்தார்.

கோல்மனின் ஆல்பத்துக்கு ஓர் அமர்வுதான் கிடைத்தது. பியானோ இல்லாததால் கார்டு சொல்லி நடத்துவார் யாருமில்லை. பிளாஸ்டிக் சாக்ஸபோனின் கீச்சொலி பலருக்கு ஒவ்வவில்லை. பாதியில் எழுந்து சென்றவர்களும் உண்டு. ‘லோன்லி உமன்’ உருப்படியில் அடியில் தாளம் விரைந்தோட, மேலே இரு குழல்கள் அழுவதுபோல் மெல்ல இழைவதை மட்டுமாவது அவர்கள் மீண்டும் கேட்க வேண்டுகிறேன்.

வரும் ஆண்டுக்கு, மதிய உணவுக் கடைகளில் கறுப்பின மாணவர்கள் நடத்திய உள்ளிருப்புப் போராட்டத்தை அட்டைப்படமாகக் கொண்ட, 1960இல் பதிவான டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சின் ‘வீ இன்சிஸ்ட்!’, 1964 டிசம்பர் 9இல் பதிவான கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ ஆகியவற்றைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பின்னதன் இறுதிப் பகுதியில் கோல்ட்ரேன் தாம் எழுதிய வேண்டுதல் பாடலை அசை அசையாகச் சாக்ஸபோனில் வாசிப்பதால், அப்பாடலின் தமிழாக்கத்தைக் கையில் வைத்துக் கேட்பது நல்லது. மொழிபெயர்க்க முன்வருவோர் இம்மாத இறுதிக்குள் எனக்குத் தெரிவிக்க வேண்டும்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்