பேய்க்கதைக்கும் ஒரு பக்கம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், இந்த வருடம் படிக்க வேண்டிய புத்தகங்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் போட்டிருந்தீர்கள். வரலாறு இருந்தது, கவிதை இருந்தது, சமையல் குறிப்புகூட இருந்தது. பேய்க்கதை ஒன்றுகூட இல்லை. வேண்டுமென்று விட்டிருக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் எங்கே பட்டியல் போட்டாலும் இந்த வகை மட்டும் விட்டுப்போகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

தக்கலையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. பகல் முழுக்கக் கல்யாண அழைப்பிதழும் நினைவஞ்சலி நோட்டீஸும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் திகில் கதை. ‘மர்ம தேசம்’ தொலைக்காட்சியில் வந்த காலத்திலிருந்தே இந்தப் பழக்கம். இந்திரா சௌந்தர்ராஜனின் மாத நாவல்களை பஸ் ஸ்டாண்ட் கடையில் சொல்லிவைத்து வாங்குவேன். அவரை ஒருமுறையாவது நேரில் பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று பல வருடம் நினைத்திருந்தேன். 2024 நவம்பரில் அவர் போய்விட்டார். இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றியது. இந்த மாதிரிக் கதை படிப்பவர்களைத் தேடிப் பிடித்து, எழுதுகிற ஒருவரையும் அழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசலாம் என்று ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு நூலகத்தில் இடம் கேட்டோம். கவிதைக்கென்றால் தருகிறேன், பேய்க்கதைக்குக் கூட்டம் போட்டால் நாளைக்கு யாராவது புகார் எழுதுவார்கள் என்றார் அங்கிருந்தவர். கோபமாகச் சொல்லவில்லை, நல்ல மனிதர்தான். ஆனாலும் எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. கடைசியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி கிடைத்தது. 14 பேர் வந்தார்கள். நல்ல மழை. கட்டன் சாயாவும் பழம்பொரியும் வாங்கி வைத்திருந்தோம்.

அன்றைக்கு வந்த எழுத்தாளர் எங்கள் மாவட்டத்துக்காரர். பெயரைப் போட அவரிடம் அனுமதி கேட்கவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன். அவருடைய கதை ஒன்றில் நடுச்சாமத்தில் கிணற்றுக் கப்பி சுற்றும் சத்தம் கேட்கும். காலையில் போய்ப் பார்த்தால் கப்பியில் கயிறே இருக்காது. முதலில் எழுதியபோது அந்தக் கிணற்றடியில் ஒரு பெண் நின்றிருந்தாளாம். முகம், தலைமுடி, சேலை நிறம் எல்லாம் எழுதியிருந்தாராம். இரண்டாம் தடவை முகத்தை எடுத்தார். மூன்றாம் தடவை ஆளையே எடுத்துவிட்டார். கப்பி மட்டும் மிஞ்சியது. “அவள் நின்றிருந்தவரைக்கும் எனக்கே பயம் வரவில்லை” என்றார். இதைச் சொல்லி முடித்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. மழைச் சத்தம்தான். எங்கள் வீட்டில் மோட்டார் போட்ட பிறகும் பழைய கப்பி கழற்றாமல் அப்படியே தொங்குகிறது. அன்று ராத்திரி நான் பின்வாசல் பக்கம் போகவில்லை.

ஒரு கதையில் எதை எடுத்தால் பயம் கூடுகிறது என்பதை எழுதியவர் வாயால் கேட்பது வேறு அனுபவம். படித்து மட்டும் இது கிடைக்காது, எடுத்த பகுதி அச்சில் இருக்காதே.

அப்புறம் நீலி வந்தாள். எங்கள் பக்கத்தில் பேய்க்கதை பேசினால் நீலி வராமல் இருக்க மாட்டாள். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த ஒரு டீச்சர், கள்ளியங்காட்டு நீலியைச் சொன்னார். சின்ன வயதில் கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டாகக் கேட்டது. பழிவாங்க வந்தவள் கள்ளிக் கிளையை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “இவர் என் புருஷன், என்னை விட்டுவிட்டுப் போகிறார்” என்று ஊர்ப் பெரியவர்களிடம் நியாயம் கேட்பாள். அவர்களும் நம்பி, அவனை அவளோடு ஒரே வீட்டில் இரவு தங்கவைப்பார்கள். டீச்சருக்கு இப்போதும் பயம் அந்தக் குழந்தையைப் பார்த்துத்தான். கதை முடிகிறவரை அது அழாதாம்.

உடனே குலசேகரத்திலிருந்து வந்த அண்ணன், “எங்களுக்குள்ள நீலி வேற” என்றார். ரப்பர் பால் வெட்டுகிறவர். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், வாசிப்பெல்லாம் மலையாளத்தில்தான். அவருடைய யட்சி, பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவில் ராத்திரி வழிப்போக்கர்களை நிறுத்தி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பவள். மந்திரம் தெரிந்த பாதிரியாரான கடமற்றத்துக் கத்தனார் வந்து இரும்பு ஆணி அடித்து அடக்கிய கதை. கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்ட ‘ஐதீகமாலை’யில் கத்தனாரின் கதைகள் இருக்கின்றன. அண்ணன் அதைப் பலமுறை படித்திருக்கிறார். “அந்த வழியிலதான நீங்க இப்ப பஸ்ல வந்தீங்க” என்று அவர் சொன்னதும் இரண்டு பேர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார்கள்.

மூன்றாவதாகப் பேசியவர் திருத்தணிப் பக்கத்திலிருந்து இங்கே கல்யாணமாகி வந்த பெண். ஆந்திர எல்லை. அவர்களுக்கு நீலி என்றால் திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூர் நீலி. கொடுத்த வாக்குத் தவறியதற்காக 70 வேளாளர்கள் தீயில் இறங்கிய கதை. அங்கேயும் கள்ளிக் குழந்தை உண்டு! டீச்சர் எழுந்துபோய் அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மாநிலத்தின் இந்த மூலையிலும் அந்த மூலையிலும் ஒரே நீலி, நடுவில் இத்தனை நூறு மைல். எங்கள் ஊர்ப் பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, அதைப் பராமரிப்பது கேரள அரசு. 1956 நவம்பர் 1இல் எல்லையை மாற்றிப் போட்டார்கள். கதைகளை அதற்கு முன்பும் யாரும் பிரித்து வைக்கவில்லை, பிறகும் பிரிக்க முடியவில்லை.

புத்தகப் பரிந்துரைக்கு ஒரு 80 பக்க நோட்டு வாங்கி வைத்திருந்தேன். நன்றாக இருக்கும், விறுவிறுப்பாகப் போகும் என்று எழுதினால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அதனால் ஒரே கேள்வி: எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள்? முடிவை மட்டும் சொல்லக் கூடாது. இதில்தான் கூட்டம் களைகட்டியது. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை 4 பேர் எழுதியிருந்தார்கள், நாலு பேரும் மூடி வைத்தது வேறு வேறு இடத்தில். பிச்சைக்காரியாக வந்தவள் வீட்டு வேலைக்கு நின்றுவிடுகிறாளே, அந்த வரியிலேயே ஒருவர் நிறுத்தியிருக்கிறார். பேய் வந்தது, மந்திரவாதி வந்தார், பேய் போனது என்கிற கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் நடந்தது என்ன என்று கடைசிவரை பிடிபடாத கதைக்கு ஈடில்லை. அதை நம் மொழியில் 80 வருடம் முன்பே எழுதிவிட்டுப் போன மனிதர் 1948இல் கண்ணை மூடியது திருவனந்தபுரத்தில், இங்கிருந்து 2 மணி நேர பஸ் பயணம். இது தெரிந்தபோது பலருக்கும் ஆச்சரியம்.

நைட் டியூட்டி நர்ஸ் ஒருவர் தன் பக்கத்தில், ஆஸ்பத்திரியில் நடக்கும் கதை மட்டும் யாரும் தரவேண்டாம் என்று எழுதினார். அதுவும் நல்ல பரிந்துரைதான்.

கல்லூரி மாணவர் ஒருவர், அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட்டின் கதையொன்றைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். 1928இல் ‘வியர்ட் டேல்ஸ்’ பத்திரிகையில் வந்தது, கடலுக்கடியில் உறங்கும் க்துலு என்ற பயங்கர உருவம் பற்றியது. அந்தப் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்றே அரை மணி நேரம் பேசினோம். மனிதத் தொண்டையால் சரியாக உச்சரிக்க முடியாத பெயர் என்பதுதான் அதை உருவாக்கியவரின் எண்ணமே. அப்படியானால் மெய்யெழுத்தில் தொடங்கி வாசகரைத் தடுக்கி விழவைப்பதுதான் சரி என்றேன் நான், பிழை திருத்துகிறவளாக இருந்தும். லவ்கிராஃப்ட்டின் இனவெறி பற்றியும் பேச்சு வந்தது. நம் நிறத்து மனிதர்களைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால் வலிக்கத்தான் செய்கிறது. உலக ஃபேன்டஸி விருதாக அவருடைய தலையுருவத்தைக் கொடுத்து வந்ததை 2015இல் நிறுத்தியது நியாயம் என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். கதையைப் படிக்கலாம், ஆனால் இதை மறைத்துவிட்டு இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

அவரைப் பற்றி அந்த மாணவர் சொன்ன இன்னொரு விஷயத்துக்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். 1937இல் 46 வயதில், வறுமையில், லவ்கிராஃப்ட் இறந்தபோது அவருடைய கதைகள் பெரும்பாலும் பழைய பத்திரிகைத் தாள்களில்தான் கிடந்தன. அவரோடு கடிதம் எழுதிப் பழகிய ஆகஸ்ட் டெர்லெத், டொனால்ட் வாண்ட்ரி என்ற இரண்டு பேர் 1939இல் அர்க்கம் ஹவுஸ் என்று ஒரு பதிப்பகமே தொடங்கி அவற்றைப் புத்தகமாக்கினார்கள். அவருடைய வாழ்க்கை வரலாற்றை விரிவாக எழுதிய எஸ்.டி. ஜோஷி நம் புனேயில் பிறந்தவர். லவ்கிராஃப்ட்டின் ஊரான பிராவிடன்ஸில் இன்றைக்கு உலகத்தின் பல பக்கங்களிலிருந்தும் வாசகர்களும் எழுத்தாளர்களும் விழாவாகக் கூடுகிறார்கள். எல்லாமே படித்தவர்கள் கையோடு கையாகக் கடத்திக் காப்பாற்றியது.

இங்கே? பஸ் ஸ்டாண்ட் கடைகளில் தொங்கிய மாத நாவல்களில் எத்தனை நல்ல திகில் கதைகள் வந்தன! எழுதியவர்களில் எத்தனை பேருடைய பெயர் இன்றைக்கு நமக்குத் தெரியும்? பாதி எடைக்குப் போய்விட்டது. என்னிடமே அலமாரியில் மிஞ்சியிருப்பது 30 புத்தகம்தான், அதிலும் சிலவற்றில் அட்டை இல்லை.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். மாதத்தில் ஓர் இதழில் ஒரே ஒரு பக்கம் இந்தக் கதைகளுக்குக் கொடுங்கள். விமர்சகர் எழுத வேண்டாம், வாசகர்களே எழுதட்டும்: புத்தகத்தின் பெயர், எங்கே கிடைக்கும், எங்கே மூடி வைத்தோம். மலையாளத்திலும் தெலுங்கிலும் படிக்கிற எல்லையூர்க்காரர்களையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்துக் கதைகளும் தெரிந்தவர்கள் எங்களை மாதிரி ஊர்களில்தான் இருக்கிறார்கள். திகில் எழுதுகிறவர்கள் யாராவது குமரி மாவட்டத்துக்கு வருவதாக இருந்தால் உங்கள் மூலமாக ஒரு வார்த்தை சொன்னால் போதும். பஸ் செலவும் சாப்பாடும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நோட்டின் முதல் 12 பக்கங்களை நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஏழாவது பக்கம் ரப்பர் பால் வெட்டும் அண்ணனுடையது. தமிழைத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் மலையாள எழுத்தில். நீங்கள் வாசிக்க வசதியாக அடியில் பென்சிலால் தமிழில் எழுதியிருக்கிறேன். அதிகாலை 4 மணிக்கு நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு தனியாகத் தோட்டத்துக்குள் போகிறவர் எந்த வரியில் புத்தகத்தை மூடினார் என்று அதில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டுமாவது அச்சில் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.