தறி வாங்கிக்கோ கண்ணு

அன்புக் கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். தறி வாங்கலாமா என்று கேட்டாய். இந்த வயதில் இதென்ன ஆசை என்று அங்கே எல்லாரும் கேட்கிறார்களாம். போனில் எனக்கு நாலு வார்த்தை சேர்த்துப் பேச வராது, அதனால் இந்தக் கடிதம்.

நீ இருக்கிற அமெரிக்காவின் நியூ ஹேவனிலும் பக்கத்து ஊரான ஆரஞ்சிலுமாக 1950இலிருந்து சாகும்வரை ஒரு ஜெர்மன் நெசவுக்காரம்மா வாழ்ந்திருக்கிறார். பெயர் ஆனி ஆல்பர்ஸ். நம்ம கைத்தறி வாத்தியார் கொடுத்த புத்தகத்தில் அந்தம்மா நெய்த துணிகளைப் பார்த்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

1899இல் பெர்லினில் வசதியான வீட்டில் பிறந்தவர். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர் இல்லை. 1922இல் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தார். அங்கே பெண்பிள்ளைகளைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே அனுப்புவார்களாம். அவரும் விரும்பிப் போனவர் இல்லை. ஆனால் நூல் கைக்கு வந்ததும் விடவில்லை. பெர்னாவ் என்ற ஊரில் தொழிற்சங்கப் பள்ளிக்கு ஓர் அரங்கம் கட்டினார்கள். அதன் சுவருக்கு ஒரு துணி நெய்தார்: ஒரு பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க செல்லோஃபேன் என்ற பளபளப்பான மெல்லிய தாள், மறுபக்கம் எதிரொலியை உறிஞ்ச செனில் என்ற புசுபுசு நூல். அதற்குத்தான் 1930இல் பட்டயம் கொடுத்தார்கள். கரை என்ன, கலர் என்ன என்றே கேட்டுப் பழகிய எனக்கு, சத்தத்தை விழுங்கும் துணி நெய்யலாம் என்பதே புதுசு.

1933இல் நாஜிகளின் நெருக்கடியில் பள்ளி மூடியது. அவர் யூத வம்சம். அந்த நவம்பரிலேயே கணவர் யோசப்போடு கப்பலேறி அமெரிக்கா வந்துவிட்டார். வட கரோலினாவில் பிளாக் மவுண்டன் கல்லூரியில் வேலை. கணவருக்கு இங்கிலீஷ் பத்தாது, பேச்சுவார்த்தையெல்லாம் இந்தம்மாதான். வயது முப்பத்துநான்கு. ஊர், உறவு, பழகிய தறி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்.

அவர் பாடம் நடத்திய விதத்தை நினைத்தால் எனக்குக் கை பரபரக்கிறது. பிள்ளைகளை எடுத்தவுடன் தறியில் உட்கார வைக்க மாட்டாராம். எதுவுமே இல்லாத இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, சோளமணி, புல், காகிதம் என்று கிடைத்ததைத் தொட்டுப் பார்த்து, கோத்துப் பின்னிப் பழகச் சொல்வார். மெக்சிகோவுக்குத் திரும்பத் திரும்பப் போய், இடுப்பில் கட்டி நெய்யும் தறியைக் கற்றுக்கொண்டு வந்தார்.

1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய துணிகளை மட்டுமே வைத்துத் தனிக் கண்காட்சி நடத்தியது. நெசவாளி ஒருவருக்கு அங்கே அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. அத்தனை பேர் எடுத்தவர் 1965இல் நெசவைப் பற்றி எழுதிய புத்தகத்தை யாருக்குக் காணிக்கையாக்கினார் தெரியுமா? பெரு நாட்டின் பழங்கால நெசவாளர்களுக்கு. தன்னுடைய பெரிய ஆசான்கள் என்று அவர்களைச் சொல்கிறார். பெயர் தெரியாத ஜனங்கள், கண்ணு. உன் தாத்தாவுக்கும் அவர் அப்பாவுக்கும் சேர்த்துக் கும்பிடு போட்ட மாதிரி இருந்தது எனக்கு.

ஒருநாள் ரயிலேறி நியூயார்க் யூத அருங்காட்சியகத்துக்குப் போய் வா. ஹிட்லர் ஆட்சியில் கொல்லப்பட்ட அறுபது லட்சம் யூதர்களின் நினைவாக, ‘ஆறு பிரார்த்தனைகள்’ என்று ஆறு நீளத் துணிகள் நெய்து கொடுத்திருக்கிறார். பருத்தி, லினன், வெள்ளிச் சரிகை. கறுப்பு வெள்ளை நூல்கள் எழுத்து மாதிரி வளைந்து வளைந்து ஓடுகின்றன. படத்தில் பார்த்ததற்கே நெஞ்சு அடைத்தது. இப்போது காட்சிக்கு வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு போ.

வயது கேட்கிறவர்களிடம் இதைச் சொல். அறுபதைத் தாண்டியபின் கல்லில் வரைந்து அச்செடுக்கும் கல்லச்சு பழகி, அப்புறம் தறியை விட்டு அச்சுப்படங்களில் முழுசாக இறங்கினார். 1976இல் கணவர் இறந்துவிட்டார். அதற்குப் பிறகும் வேலையை விடவில்லை. 1994இல், தொண்ணூற்று நாலு வயதில், ஆரஞ்சில்தான் காலமானார்.

ஆகவே தறி வாங்கு. பெரிசு வேண்டாம், மேசைமேல் வைக்கிற சின்னத் தறி போதும். முதல் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டுகிற நூல், அதைச் சாதா நெசவாகவே ஓட்டு, டிசைனுக்கு அவசரப்படாதே. பாவு பிணைக்கிற முடிச்சு மறந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு, அம்மா காட்டுவாள். அவள் கை என் கையைவிட வேகம்.

இப்படிக்கு,
அப்பா