தாத்தா கோத்த எழுத்துகள்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் குட்டி போனில் வந்து, "அப்பாவோட தாத்தா என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டாள். "பிரஸ்ல வேலை பார்த்தார்" என்று நீ பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுத்தது என் காதில் விழுந்தது. அது சரிதான். ஆனால் பிரஸ் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நியூஸ் சேனல் என்று நினைத்துக்கொள்ளும். உனக்கே அவரை சாய்வு நாற்காலியும் பூதக்கண்ணாடியும் மடியில் பிழை திருத்துகிற புரூஃப் தாளுமாகத்தான் தெரியும். உழைத்த காலத்துத் தாத்தாவைப் பார்த்தவள், அவருடைய மகள் நான். அந்த மனுஷரை உனக்கு எழுதித் தர வேண்டும் என்று தோன்றியது.

தாத்தா கம்பாசிட்டர். அச்சு எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாகக் கோக்கிற வேலை. ஈயத்தோடு வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து வார்த்த எழுத்துகள் அவை. மர கேஸில் சின்னச் சின்ன அறைகள் இருக்கும், அறைக்கு ஓர் எழுத்து. இடது கையில் ஸ்டிக்கை, அதாவது எழுத்துகளை வரியாக அடுக்குகிற சின்னத் தட்டை, பிடித்திருப்பார். வலது கை அறைக்கும் ஸ்டிக்குக்கும் போய் வந்துகொண்டே இருக்கும். கடைசியாக வைத்த எழுத்து சாய்ந்துவிடாமல் இடது கட்டைவிரல் பார்த்துக்கொள்ளும். கண் கேஸின் பக்கம் போகாது, எழுதிக் கொடுத்த தாளில்தான் இருக்கும். தமிழில் கு, கூ, மு, மூ என்று உகர, ஊகார எழுத்துகளே 18 மெய்க்கு 36 ஆகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும். அத்தனை அறைகளும் அவருடைய விரலுக்கு மனப்பாடம்.

அச்சு எழுத்து இடவலம் மாறியிருக்கும், ஸ்டிக்கில் தலைகீழாகத்தான் அதைப் படிக்க வேண்டும். அதனால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் கையிலுள்ள காகிதத்தைத் தாத்தா சர்வசாதாரணமாகப் படித்துவிடுவார். நான் வீட்டுப்பாடம் எழுதும்போது எதிரில் வந்து உட்காருவார். "மூணாவது வரி, வல்லினம் மிகும்" என்று மட்டும் சொல்வார். பிழை எது என்று காட்டமாட்டார், நானே தேட வேண்டும். என் தமிழ் எல்லாம் அப்படி வந்ததுதான்.

அவருடைய அப்பா இறந்தபோது தாத்தாவுக்கு 14 வயது. கீழே இரண்டு தங்கைகளும் ஒரு தம்பியும். படிப்பை விட்டுவிட்டு அச்சகத்தில் சேர்ந்தார். முதலில் கொடுத்தது எழுத்துப் பிரிக்கிற வேலை, அதாவது பாரம் என்று சொல்கிற, பக்கமாகக் கட்டிய எழுத்துத் தொகுப்பை அச்சடித்து முடிந்ததும் கலைத்து, எழுத்துகளை அந்தந்த அறையில் திரும்பப் போடுவது. ஓர் எழுத்து அறை மாறி விழுந்தால் அடுத்த புத்தகத்தில் பிழையாக வந்து நிற்கும். அந்த வேலையில்தான் அவருக்கு அந்தக் கண்டிப்பு வந்தது என்று நான் நினைக்கிறேன். வீட்டில் கத்திரிக்கோல் எடுத்த இடத்தில் இல்லையென்றால் அவர் முகம் மாறிவிடும். தங்கைகளுக்குக் கல்யாணம் முடிந்து, தம்பிக்கு ஒரு வேலை கிடைத்த பிறகுதான் தனக்கென்று பெண் பார்க்கச் சம்மதித்தார். இதை அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வேலை முடிந்து வந்ததும் எங்களைத் தொடமாட்டார். நேராகக் கிணற்றடிக்குப் போய், சோப்புப் போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவுவார். ஈயம் பிள்ளைகள் உடம்புக்குள் போகக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சின்ன வயதில் நான் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வேன். இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி அப்படியே நிற்பார். அந்தக் கைகளை எனக்கு அவ்வளவு பிடிக்கும், தம்பி.

1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பெரியார் 1935-லேயே தன் பத்திரிகையில் புழங்கிய மாற்றங்களைத்தான் தமிழ்நாடு அரசு அப்போது ஏற்றது. ணா, றா, னா, லை, னை என்று 13 எழுத்துகள் வடிவம் மாறின. யானைத் துதிக்கை மாதிரி வளைவு வைத்த பழைய லை போய்விட்டது. தாத்தாவுக்கு அதில் சந்தோஷம்தான். தனி அச்சுகள் குறையும், கேஸில் அறை மிச்சமாகும் என்று வருகிறவர்களிடமெல்லாம் விளக்குவார். ஆனால் பழகிய கை பழைய அறைக்கே போகும். அதைப் பழக்கி மாற்ற அவருக்குச் சில மாதம் பிடித்தது. அச்சில் மாற்றிக்கொண்டாரே தவிர, கையெழுத்தில் கடைசிவரை துதிக்கை லைதான். நீ ஹாஸ்டலில் இருந்தபோது உனக்கு எழுதிய கடிதங்களில்கூட அப்படித்தான் இருக்கும், எடுத்துப் பார்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. அச்சகத்தில் எழுத்துகளை எல்லாம் மூட்டை கட்டி, பழைய உலோகமாக எடைக்குப் போட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து தாத்தா எதுவும் பேசவில்லை. ஐம்பதைத் தாண்டிய வயது. சில நாள் கழித்து ஒரு சிவப்புப் பேனா வாங்கிக்கொண்டு புரூஃப் திருத்தக் கிளம்பிவிட்டார். கண்ணில் புரை விழும் வரை அதுதான் வருமானம். நான் கல்லூரி படித்த பணமும் அதிலிருந்து வந்ததுதான். பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "அவ படிப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவர் சொன்னபிறகு வீட்டில் மறுபேச்சு கிடையாது.

அந்த அதிகாரம் எப்போதும் இனிமையாக இருந்ததில்லை. கோபம் வந்தால் நாள்கணக்கில் பேசமாட்டார். தன் மகனிடம், அதாவது உன் மாமாவிடம், ரொம்பக் கடுமையாக இருந்தார். மாமா தொழிலைக் கற்றுக்கொள்ளவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. அந்த வருத்தத்தை மாமா இன்னும் சுமந்துகொண்டுதான் இருக்கிறார். இதையும் நீ தெரிந்துகொள். நல்லதை மட்டும் எழுதினால் அது தாத்தா ஆகாது.

இன்னொன்று. தாத்தாவோடு அச்சகத்துக்குப் போய் வந்தவர் மாமா மட்டும்தான். இரவில் அவசரமாக வரும் இரங்கல் அறிவிப்புகளைத் தாத்தா கோக்கும்போது பக்கத்தில் விளக்குப் பிடித்தவர் அவர். எனக்குத் தெரியாத எவ்வளவோ அவருக்குத் தெரியும். கேட்டால்தான் சொல்வார், தானாகப் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைக் கூப்பிடு. குட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசு. அவர் சொல்வதை அப்படியே போனில் பதிவு செய்து எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா